புகைக்கூடத்தில் ஓடிய எஞ்சின்

நாள் முழுக்க ஓடும், ஆனால் இருந்த இடத்தை விட்டு அசையாது. அப்படி ஒன்றை என் வீட்டுக்காரர் கட்டினார். பழுதுபார்த்து முடித்த கார் எஞ்சினைக் காரில் பூட்டுவதற்கு முன்னால், ஓர் இரும்புச் சட்டத்தில் ஏற்றி ஓடவிட்டுப் பார்ப்பதற்கான ஸ்டாண்டு அது. மழை பெய்யும் மத்தியானங்களில் அதன் பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்து நான் தூங்கி வழிந்திருக்கிறேன். விடியுமுன் எழுந்து ரப்பர் மரங்களில் பால் வெட்டிவிட்டு வருகிற உடம்பு சத்தத்துக்கெல்லாம் பயப்படாது. எங்கே சாய்ந்தாலும் தூங்கும். கண் சொருகும்போது தரை அதிரும். அந்த அதிர்வில் கட்டடம் முழுதும் மெல்லக் கிளம்பிவிட்டது என்று தோன்றும். ரப்பர் மரங்கள் பின்னால் போகும். கஹவத்தைக் கடைத்தெரு போகும், இரத்தினபுரி போகும், பெயர் தெரியாத வெளிச்சமான ஊர்கள் போகும். ஒரு செக்பாயிண்டும் எங்களை நிறுத்தாது. கண்ணைத் திறந்தால் அதே சுவர், அதே கரி, அதே மழை.

அந்தக் கட்டடம் தோட்டம் ஒரு காலத்தில் ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகைபோட்ட இடம். பஸ் ரோட்டோரம் இருந்தது. ஷீட் போடுவதை நிறுத்திப் பாலாகவே விற்கத் தொடங்கியபின் அது சும்மா கிடந்தது. தோட்டத்து லொறிகளைப் பார்க்கும் வேலையை விட்டிருந்த என் வீட்டுக்காரர், தோட்ட ஆபீஸ் பெரிய கிளாக்கரின் பின்னாலேயே அலைந்து, அதை வாடகைக்கு வாங்கி கராஜ் ஆக்கினார். உள்ளே நுழைந்தால் எண்ணெய் வாசத்துக்கும் அடியில் பழைய புகை வாசம் இருக்கும். கடைத்தெருவில் எல்லோரும் அவரை பாஸ் என்றார்கள். எங்கள் பக்கம் கைவேலை தெரிந்த எவரும் பாஸ்தான். சிங்களவர், தமிழர் என்ற பேதம் அதில் கிடையாது.

பாஸுக்குக் காது கேட்காது. சின்ன வயதிலிருந்தே இரண்டு காதிலும் சீழ் வடிந்துகொண்டிருந்ததாம். மழைக்காலம் வந்தால் வலிக்கும், காய்ந்தால் சரியாகும். இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் காட்டியபோது உள்ளே ஜவ்வு ஓட்டையாகிவிட்டது என்றார்கள். நான் கல்யாணம் கட்டி வந்தபோது கொஞ்சம் உரக்கப் பேசினால் கேட்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வயதாகும்போது, காதருகில் போய்க் கத்தினால்தான் கேட்கும் என்றாகிவிட்டது. பகலெல்லாம் இரும்பைத் தட்டிக்கொண்டிருந்த மனுஷன் அதை யாரிடமும் சொல்லவில்லை. ஆள் பேசும்போது வாயையே பார்ப்பார், சிரித்துத் தலையாட்டுவார். பல பேர் அவரை ரொம்பப் பணிவானவர் என்று நினைத்தார்கள். பணிவாவது, மண்ணாங்கட்டியாவது! முன்கோபத்தில் என்னையே மிஞ்சுவார்.

எங்களுடையது லயத்துக் காம்பரா, தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்று. ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் தண்ணீர் குடிப்பார்கள். அங்கே காது கேட்காத ஒருவரோடு குடும்பம் நடத்தினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சோறு ஆறுகிறது, மழை வருகிறது, பிள்ளைக்குக் காய்ச்சல், மண்ணெண்ணெய் முடிந்துவிட்டது: இதையெல்லாம் கத்திச் சொல்லலாம், லயமே கேட்டாலும் பரவாயில்லை. கத்திச் சொல்ல முடியாதவையும் இருக்கின்றன அல்லவா? அவற்றை நான் சொல்வதை விட்டே சில வருஷம் ஆகியிருந்தது. விட்டுவிட்டேன் என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போயிற்று.

கடைத்தெருவில் சிங்களக் கடை முதலாளி ஒருவர் இருந்தார். அவரிடம் பழைய இங்கிலீஸ் கார் ஒன்று. எங்கள் தோட்டத்தில் யாருக்காவது பிரசவ வலி வந்தால், பாம்பு கடித்தால், அந்தக் கார்தான் ஆஸ்பத்திரிக்கு. அதன் எஞ்சினை என் வீட்டுக்காரர் பிரித்து, எல்லாம் புதிதாகப் போட்டுப் பூட்டிக் கொடுத்தார். இரத்தினபுரி ரோட்டில் பாதி தூரம் போகும்போதே உள்ளே பேரிங் தேய்ந்து எஞ்சின் இறுகிவிட்டது. கராஜிலிருந்து கிளம்பும்போதே அது தட்டிக்கொண்டுதான் போனது என்று, ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூடச் சொன்னார்கள். எல்லோருக்கும் கேட்டிருக்கிறது. கேட்க வேண்டியவருக்குக் கேட்கவில்லை.

முதலாளி நல்ல மனுஷன். சத்தம் போடவில்லை. தமிழும் சிங்களமும் கலந்து, என் பக்கம் திரும்பி, “இன்னும் ஒரு தடவை பண்ணச் சொல்லுங்க நோனா. இந்தத் தடவையும் சரி வரல்லன்னா, நான் வேற பாஸ் ஒருத்தரத்தான் பாக்கணும்” என்றார். அவர் வேறு பாஸைப் பார்த்தால் கடைத்தெரு முழுக்க வேறு பாஸைப் பார்க்கும். அது எங்கள் இருவருக்குமே தெரியும்.

அன்று சாயந்தரம் என் வீட்டுக்காரர் நிதானமாகச் சொன்னார், “இதுவும் போச்சுன்னா கராஜ மூடிட்டுக் கொழும்புக்குப் போறேன். தம்பி வேலை செய்ற இரும்புக் கடையில சாமான் எறக்க ஆள் கேக்குறாங்களாம்.”

கொழும்பில் அந்த யுத்த காலத்தில் சந்திக்குச் சந்தி செக்பாயிண்ட். மணல் மூட்டைக்குப் பின்னால் துவக்கோடு ஆமிக்காரன் நிற்பான். நில் என்று ஒரு தடவை கத்துவான், இன்னொரு தடவை கத்துவான். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர் உள்ள ஓர் ஆள், காதில் விழாமல், தலையைக் குனிந்துகொண்டு தன் பாட்டுக்கு நடந்துபோனால்? நடந்துபோகிற அந்த முதுகை நான் பால் வெட்டும்போதெல்லாம் பார்த்தேன். மரத்துக்கு மரம் பார்த்தேன். இதை அவரிடம் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? காதருகில் போய், லயமே கேட்க, ஆமிக்காரன் சுட்டுவிடுவான் என்று கத்துவதா? வாயை மூடிக்கொண்டு சோற்றைப் போட்டேன்.

ஸ்டாண்டு யோசனை வந்தது அவருக்குத்தான். “கார்ல பூட்டிட்டு ஓட்டிப் பாக்குறதுக்குப் பதிலா, வெளிய வச்சு ஓடவிட்டுப் பாக்கலாம். நாலு பக்கமும் தெறந்து கெடக்கும். நீ பக்கத்துல நின்னு கேளு. எப்புடிச் சத்தம் வருதுன்னு எனக்குச் சொல்லு” என்றார். தனக்குக் கேட்காது என்று அவர் வாயாலேயே சொன்னது அதுதான் முதல் தடவை. நான் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை.

ரப்பர் ஷீட் உருட்டுகிற பழைய மெஷின் ஒன்று மூலையில் கிடந்தது. உருளைகளைக் கழற்றிவிட்டு, அதன் வார்ப்பிரும்புச் சட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். பத்துப் பேர் தள்ளினாலும் அசையாத சட்டம். அதன்மேல் பலாக்கட்டைகளை வைத்து எஞ்சினைப் பூட்டினார். பெட்ரோலுக்கு, ஒரு சாராயப் போத்தலைத் தலைகீழாகக் கூரை மரத்தில் கட்டித் தொங்கவிட்டார். “நம்ம வீட்ல ஒரு போத்தல் இப்பத்தான் உருப்படியான வேலை செய்யுது” என்று கத்தினேன். அதற்கு மட்டும் உடனே காது கேட்டது, முறைத்தார். எஞ்சின் புகை போகிற குழாயைப் பழைய புகைபோக்கிக்குள் விட்டார். பிறகு எஞ்சின் ஓடிய நாட்களில் புகைபோக்கியிலிருந்து மறுபடி புகை வர, ரோட்டில் போனவர்கள் இறங்கிவந்து ஷீட் வாங்குவீர்களா என்று கேட்டார்கள்.

தண்ணீர்தான் அவருக்கு ரொம்பப் பெருமை. காரில் ரேடியேட்டர் எஞ்சினின் சூட்டை ஆற்றும். ஸ்டாண்டில் அதற்கு வேலையே இல்லை என்றார். மலையில் ஊற்றெடுத்து வருஷம் முழுக்க விழுந்துகொண்டிருக்கும் தண்ணீரை நாங்கள் பீலி என்போம். லயத்துப் பெண்கள் குளிப்பதும் துவைப்பதும் அங்கேதான். அதிலிருந்து ஒரு குழாயை இழுத்து நேரே எஞ்சினுக்குள் விட்டார். குளிர்ந்த ஊற்றுத் தண்ணீர் ஒரு பக்கம் போய் மறுபக்கம் புல்லில் விழும். “கொழும்புல இருக்குற கராஜ்காரனுக்கு இப்புடித் தண்ணி கெடைக்குமா? பச்சப் புள்ளயக் குளிப்பாட்டுற மாதிரி இஞ்சினக் குளிரா வச்சிருக்கலாம்” என்றார். எனக்கும் அது அழகாகத்தான் பட்டது. தண்ணீருக்குப் பஞ்சமே பார்க்காத ஆட்களுக்குத் தோன்றுகிற யோசனை.

முதன்முதலாக ஓட்டுகிற அன்று பூசை போட்டோம். புது வண்டி என்றால் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவது வழக்கம். இதற்கு ஏது டயர்? சட்டத்தின் நான்கு கால்களுக்குப் பக்கத்திலும் ஒவ்வொரு பழத்தை வைத்துவிட்டு, நானே காலால் மிதித்து நசுக்கினேன். விபூதி பூசி, பொட்டு வைத்து, கோயிலிலிருந்து வாங்கி வந்த செவ்வந்தி மாலையை எஞ்சினுக்குப் போட்டேன். அவர் முன்னால் ஹேண்டிலைச் செருகி இரண்டு சுற்றுச் சுற்றினார். எஞ்சின் இருமியது, உறுமியது, பிடித்துக்கொண்டது. அதே நொடியில் முன்னாலிருந்த ஃபேன் மாலையை இழுத்துக்கொண்டது. நார் ஒரு பக்கம், பூ ஒரு பக்கம். கறுத்த கூரை வரைக்கும் மஞ்சள் இதழ்கள் பறந்து, மெல்ல மெல்ல எங்கள் தலைமேல் இறங்கின. அவர் தலையில் பூவோடு நின்று என்னைப் பார்த்தார். கல்யாணத்தன்றுகூட நாங்கள் அப்படிச் சிரிக்கவில்லை.

சிரிப்பு அடங்கியபிறகுதான் எனக்குக் கேட்டது. டொக், டொக், டொக். உறுமலுக்கு உள்ளேயிருந்து, யாரோ கதவைத் தட்டுவது போல.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று நினைத்தேன், சத்தியமாக நினைத்தேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். “தட்டுது” என்றேன். கத்தத் தேவையில்லை, என் முகத்திலேயே படித்துக்கொண்டார். எஞ்சினை நிறுத்தினார்.

பிரித்துப் பார்த்தார். பேரிங், பிஸ்டன் எல்லாம் அளந்து பார்த்தார். எதிலும் குறை இல்லை. பூட்டி ஓட்டினால் மறுபடி டொக், டொக். இன்னொரு தடவை பிரித்தார், இன்னொரு தடவை பூட்டினார். இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை. உனக்குச் சத்தம் சொல்லத் தெரியவில்லை என்றார் அவர். உங்களுக்குப் பூட்டத் தெரியவில்லை என்று கத்தினேன் நான். லயத்துக்காரர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. கொழும்பிலிருந்த அவர் தம்பியிடமிருந்து, வேலை இன்னும் காலியாக இருக்கிறது என்று ஆள்மூலம் செய்தி வந்தது. அவர் தன் ட்ராவலிங் பேக்கைத் துடைத்து வெயிலில் வைத்தார். அந்தப் பையைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாகவும் அழுகையாகவும் வந்தது.

அப்புறம் ஒரு மத்தியானம். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் கார்ப்பரேட்டரைப் பிடித்துக்கொண்டு, ஸ்க்ரூடிரைவரை வாயில் கவ்வியபடி அவர் குனிந்தார். அதன் முனை எஞ்சினில் பட்டது. அப்படியே நின்றுவிட்டார். கரண்ட் அடித்துவிட்டதோ என்று நான் எழுந்தே விட்டேன். தலையைத் தூக்கினார், மறுபடி குனிந்து முனையை வைத்தார். தூக்கினார், வைத்தார். கண் கலங்கியிருந்தது.

“கேக்குது புள்ள” என்றார். “பல்லு வழியாக் கேக்குது.”

பழுதாகியிருந்தது காதின் வெளிப்பக்கம்தான் போலிருக்கிறது. எலும்பு வழியாகப் போனால் உள்ளே சத்தம் சேர்ந்தது. இரும்பு பல்லைக் கூசவைக்கிறது என்று, கித்துல் மரத்தில் முழ நீளத்துக்கு ஒரு கம்பை இழைத்துக்கொண்டார். கித்துல் கெட்டியான மரம். ஒரு முனையைக் கவ்விக்கொண்டு மறுமுனையை எஞ்சினின் ஒவ்வொரு இடமாக வைத்துக் கேட்பார், கண்ணை மூடிக்கொண்டு. அந்த முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. வெகுநாள் கழித்துத் தன் ஊர்ப் பேச்சைக் கேட்கிறவன் முகம். ஆனால் அவருக்குக் கேட்டதும் அதே டொக், டொக்தான். “நீ சொன்னது சரிதான்” என்றார். சண்டையில் ஜெயித்தும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. முதலாளி காரைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். பை வீட்டில் அப்படியே இருந்தது.

அதற்கு அடுத்த நாளோ என்னவோ, மழை விட்டு வெயில் அடித்த ஒரு பின்னேரம், கம்பைக் கவ்விக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்க, நான் பலகையில் சாய்ந்து அரைத் தூக்கத்தில் கிடந்தேன். வழக்கம்போல கட்டடம் கிளம்பி, மரங்கள் பின்னால் போய்க்கொண்டிருந்தன. ஏதோ ஒன்று குறைவது போலிருந்தது. என்ன என்று தெரியவில்லை. கனவிலேயே தேடினேன். கதவைத் தட்டிக்கொண்டிருந்த ஆள் போய்விட்டான்.

கண்ணைத் திறந்தேன். எஞ்சினிலிருந்து தண்ணீர் விழும் குழாயில் தண்ணீர் இல்லை, ஆவி வந்துகொண்டிருந்தது. எழுந்து பீலிக்கு ஓடினேன். அடுத்த காம்பரா அக்கா எங்கள் குழாயை உருவி எறிந்துவிட்டு, தன் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்.

“எத்தன நாளைக்குத் தங்கச்சி பாத்துக்கிட்டு இருக்குறது? புள்ளைங்க குளிக்கிற தண்ணிய ஒங்க இரும்புக்கு ஊத்துனா, எங்க புள்ளைங்க எங்க போறது?” என்றாள். நானும் வரிந்து கட்டிக்கொண்டு நாலு வார்த்தை கொடுத்துவிட்டுத் திரும்பி ஓடினேன்.

அவர் வாயிலிருந்து கம்பை எடுக்கவில்லை. கண்ணை மூடி அசையாமல் இருந்தார். என் காலடி தரையில் அதிர்ந்ததும் கண்ணைத் திறந்து, கையால் பொறு என்றார். பிறகு ஆவியைப் பார்த்தார், காய்ந்த குழாயைப் பார்த்தார். கையை எஞ்சின்மேல் வைத்துச் சுட்டுக்கொண்டு, தன் தலையில் தானே அடித்துக்கொண்டார்.

குளிர்ந்த எஞ்சினில் பிஸ்டன் கொஞ்சம் லூசாக இருக்கும், தட்டும். சூடேறினால் விரிந்து சரியாகிவிடும். எந்த மெக்கானிக்குக்கும் தெரிந்த சங்கதி, அவருக்கும் தெரியும். ஆனால் பீலித் தண்ணீர் அந்த எஞ்சினைச் சூடேறவே விடவில்லை. எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரைத் தடுத்து நிறுத்த உள்ளே ஒரு சின்ன வால்வு இருக்கும். இந்த ஊர் வெக்கைக்கு அது எதற்கு என்று எங்கள் பக்கத்து பாஸ்மார் எல்லோரும் அதைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். அவரும் வருஷக்கணக்காகக் கழற்றி ஒரு பால்மா டின்னில் போட்டு வைத்திருந்தார். எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, அந்த டின்னைக் கொட்டி, ஒன்றைப் பொறுக்கி, வெந்நீரில் போட்டுத் திறக்கிறதா என்று பார்த்துப் பூட்டினார். நான் பீலிக்குப் போய், அக்காவிடம் பல்லைக் கடித்துக்கொண்டு கெஞ்சி, குழாயை மாட்டிவிட்டு வந்தேன். எஞ்சினை ஓட்டினார். முதலில் தட்டியது. சூடு ஏற ஏறத் தட்டுவது தேய்ந்து, நின்றுபோனது.

அந்த எஞ்சின் இரண்டொரு நாளில் காரில் ஏறியது. முதலாளி கராஜிலிருந்து கிளம்பி, இரத்தினபுரி வரை போய்த் திரும்பி, “ஹரி பாஸ், ஹரி” என்று, சரி என்பதைச் சிங்களத்தில் சொல்லி, அவர் முதுகில் தட்டிவிட்டுப் போனார். அடுத்த காம்பரா அக்காவின் கடைசிப் பிள்ளை அந்தக் காரில் போய்த்தான் ஆஸ்பத்திரியில் பிறந்தது. அது பின்னால் நடந்தது. நான் சொல்ல வந்தது அந்தப் பின்னேரத்தை.

எஞ்சினை நிறுத்தியாயிற்று. கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீர்ச் சத்தம் மட்டும். அவர் இன்னும் கம்பைக் கவ்விக்கொண்டு, ஆறுகிற இரும்பு முறுக்கிக்கொள்ளும் சத்தத்தைக்கூட விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு என்ன தோன்றியதோ, போய் அவருக்கு எதிரில் உட்கார்ந்தேன். கம்பின் மறுமுனையை எஞ்சினிலிருந்து எடுத்து என் மோவாயில் அழுத்திக்கொண்டேன்.

“ஏங்க” என்றேன். பக்கத்தில் ஆள் இருந்தாலும் கேட்டிருக்காது, அவ்வளவு மெதுவாக.

அவர் கண் விரிந்தது.

“கொழும்புக்குப் போறேன்னு இனிமே சொல்லாதீங்க. எனக்குப் பயமா இருக்கு.”

“என்ன பயம்?” என்றார், கம்பைக் கவ்வியபடியே.

“ஆமிக்காரன் நில்லுன்னு கத்துவான். ஒங்களுக்குக் கேக்காது. நீங்க பாட்டுக்கு நடப்பீங்க.”

அவருடைய மூச்சு கம்பு வழியாக என் மோவாயில் அதிர்ந்தது. “இத ஏன் இவ்வளவு நாளா நீ சொல்லல?” என்றார்.

“எப்புடிங்க சொல்றது? இதெல்லாம் கத்திச் சொல்ற பேச்சா?”

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கம்பு நழுவியது. அவர் எட்டி அந்த முனையைப் பிடித்து, கிரீஸ் கையாலேயே மறுபடி என் மோவாயில் வைத்தார்.

“சொல்லு” என்றார். “மெதுவாவே சொல்லு. கேக்குது.”